பொருத்தம் பார்க்க ஒரு நகல் மனு

திருச்செங்கோடு,
தோட்டத்து வீட்டிலிருந்து.

மதிப்பிற்குரிய மச்சான் குணசீலன் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சின்னுசாமி வணங்கி எழுதுவது. இங்கு நானும், தங்கள் தங்கை வசந்தாமணியும், எங்கள் மகளும் தங்களுக்கு மருமகளுமான தனப்பிரியாவும், கொட்டகையில் உள்ள கோழிகளும் சௌக்கியம். அங்கு தாங்களும் மாரக்காள் அக்காவும் சௌக்கியமாக இருக்க மலை மேல் இருப்பவரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்பது கோயமுத்தூரிலிருந்து இங்கே கேட்கிறது. போனில் பேசினால் தாங்கள் என்னைப் பேச விடுவதில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அது எப்படியோ குடும்பக் குரூப்பில் போய் விழுந்துவிடுகிறது. போன தடவை தங்களுக்கு மட்டும் என்று நினைத்து மூலத்துக்கு மருந்து கேட்டேன், ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வைத்தியம் சொன்னது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆகவே தபால். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படிக்கவும்.

விஷயம் தாங்கள் ஆரம்பித்து வைத்ததுதான். தனப்பிரியாவுக்குத் தாங்கள் பிறந்த ஊரான பனமரத்துப்பட்டிப் பக்கத்துப் பையன் சபரிநாதனைப் பார்த்தோம். நம்ம திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார். குலம் வேறு என்பதால் கட்டத் தடையில்லை, சாதகம் பொருந்தியது, பெண்ணுக்கும் பிடித்தது. பெண் பார்க்க வந்த அன்று வசந்தாமணி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், அந்தப் பையன் எழுந்து நின்று வாங்கிக் குடித்தார். இந்தக் காலத்தில் யாருங்க மாமியாரைக் கண்டு எழுந்து நிற்கிறார்கள் என்று நானே வியந்தேன். வெற்றிலை மாற்ற நாள் குறிக்கலாம் என்று இருந்தபோது தாங்கள் போன் போட்டீர்கள். நம் சொந்தக்காரர் சென்றாயன் ஏதோ காதுகுத்தில் தங்களிடம் சொன்னாராம், பையன் ஒரு தடவை கைதானவன், போலீஸ்காரர் மேலயே கை வெச்சவன் என்று. போலீஸ் ஸ்டேசன் படி ஏறின ஊட்டுல நம்ம பொண்ணைக் குடுக்கறதில்லை, மீறிக் குடுத்தா தாய்மாமன் நான் மணவறையில வந்து நிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நான் மூச்சு விடுவதற்குள் போனை வைத்துவிட்டீர்கள்.

அன்னிக்கு ஆரம்பிச்சுதுங்க என்ற பாடு. தனப்பிரியாகிட்டச் சொன்னா, மாமா வந்து நிக்காம எனக்குக் கல்யாணம் வேண்டாம், அவரைத் தவிர வேற மாப்பிள்ளையும் வேண்டாம்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிப்போட்டு ரூமுக்குள்ள போயிட்டா. உங்க தங்கச்சிகிட்டச் சொன்னா, அந்தப் பையன் நல்ல பையன், எனக்குத் தெரியும்ங்கிறா. எப்படித் தெரியும்னு கேட்டா, தெரியும்ங்க, அவ்வளவுதான்ங்கிறா. சரி, பையனையே கேட்டுப்போடலாம்னு பட்டறைக்குப் போனேன். கிரீஸ் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாரு. டீ சொன்னாரு. விஷயத்தைக் கேட்டேன். "ஆமாங்க மாமா, ஒரு கேசு இருந்துச்சு. விடுதலையாயிருச்சு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க." அப்படின்னு சொல்லிப்போட்டு டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கேக்காதீங்கன்னா என்னங்க அர்த்தம், மச்சான்? தப்புப் பண்ணாதவன் அதுக்கு மேலயுந்தானே சொல்லுவான்? டீயக் குடிக்காம அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

கேக்க வேண்டாம்னா தேடலாமில்லீங்களா. கோர்ட்டுக் கேசெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்லயே பாக்கலாம்னு கேள்விப்பட்டு நம்ம இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்க தமிழினின்னு ஒரு பொண்ணு இருக்குது, பட்டா, வாரிசுன்னு எல்லாம் எடுத்துக் குடுக்கும். போலீஸ் வலைத்தளத்துல எஃப்.ஐ.ஆர். பாக்கோணும்னா எந்த ஸ்டேசன், எந்த வருசம், என்ன நம்பர்னு கேக்குது. அதெல்லாம் தெரிஞ்சா நான் எதுக்குங்க தேடறேன். கோர்ட்டு வலைத்தளம் தேவலை, பேரைப் போட்டாத் தேடுது. ஆனா அதுக்கு முன்னால கோணல்மாணலா நாலஞ்சு எழுத்தைக் காட்டி இது என்னன்னு சொல்லுங்குது. தமிழினி ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, தப்பு, மறுபடி பாருங்குது. கோர்ட்டுன்னா வாய்தா போடத்தானே செய்யும்னு அந்தப் பொண்ணு சிரிக்குது. நாமக்கல்லைத் தேடிப்போட்டு சேலத்தைத் தேடறதுக்குள்ள பொழுது போயிருச்சுங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன் மச்சான், அந்தப் பொட்டியத் தொறக்கவே கூடாது. சபரிநாதனைத் தேடப் போன நான், பழக்கதோசத்துல ஊர்க்காரங்க பேரையும் போட்டுப் போட்டுப் பாத்துப்போட்டேன். நேத்து வரைக்கும் என்ற தோள் மேல கை போட்டுக்கிட்டு டீ குடிச்ச மனுசன் சொந்தத் தங்கச்சி மேல பாகப்பிரிவினைக் கேசு போட்டிருக்காரு. பாலூத்தற அம்மாளுக்குப் புருசன் இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், அந்தாளு ஜீவனாம்சம் குடுக்க முடியாதுன்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். பொறவு கை சும்மா இருக்காம என்ற பேரையே போடச் சொன்னேன். சின்னுசாமி, பிரதிவாதின்னு வருது. தோட்டத்துக்குப் போற நம்ம வண்டித்தடத்து வழக்குத்தானுங்க, உங்களுக்குத் தெரியாததா. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் திரைல பாக்கறப்போ எனக்கே என்னைக் கண்டா பயமா இருந்துச்சு. தெரியாதவன் எவனாச்சும் பாத்தா என்னை என்னன்னு நெனப்பான்?

கடைசியா சேலத்துக் கோர்ட்டுல ஒண்ணு ஆப்புட்டுதுங்க. அரசு எதிர் யாரோ ஒருத்தர் மற்றும் பலர், அந்தப் பலர்ல நம்ம சபரிநாதன். வழக்கு முடிஞ்சதுன்னு போட்டிருக்குது. என்ன குத்தம்னு தமிழினி படிச்சுச் சொல்லுச்சு. சட்டவிரோதமாக் கூடுனது, பொதுவழிய மறிச்சது, அரசு ஊழியரை வேலை செய்ய விடாமத் தடுத்தது. அந்தக் கடைசி வரியப் படிக்கறப்போ அந்தப் பொண்ணே குரலை எறக்கிருச்சு. சென்றாயன் சொன்னது நெசந்தான்னு ஆயிப்போச்சு. ஆனா மச்சான், எனக்கு இது பத்தல. உங்களுக்குன்னா அந்த வரியோட முடிஞ்சிருக்கும். ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்துனவ எம்புள்ளை. என்னதான் நடந்துச்சுன்னு தெரியாம வேண்டாம்னும் சொல்ல முடியல, ஆகட்டும்னும் சொல்ல முடியல.

அதனால சேலம் போனேன். கோர்ட்டு வாசல்ல ஞானதாஸ்னு ஒரு வக்கீல் குமாஸ்தா மாட்டுனாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டுப் பாடறவராம், கேசு நம்பரைக் கூட ராகத்தோடதான் சொல்றாரு. எஃப்.ஐ.ஆர். நகல் வேணும்னா நகல் மனு போடோணும், வழக்குல சம்பந்தப்படாத ஆளுன்னா எதுக்கு வேணும்னு பிரமாணப் பத்திரம் தரோணும், மாஜிஸ்ட்ரேட் அனுமதி குடுக்கோணும்னாரு. எதுக்கு வேணும்னு எழுதறதுன்னு ரெண்டு பேரும் வேப்பமரத்தடியில உக்காந்து ரொம்ப நேரம் ரோசனை பண்ணுனோம். பொய் எழுத வேண்டாம், ஆண்டவர் பாத்துக்குவாருன்னு சொல்லி, மகளுக்கு வரன் பார்க்கும் பொருட்டுன்னு எழுதிப்போட்டாரு. என்னையக் கூப்பிட்டாங்க. ஜட்ஜம்மா கண்ணாடிய எறக்கிப் போட்டு, இந்த வழக்குக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க. இன்னும் சம்பந்தம் ஆகலீங்கம்மா, பேச்சுவார்த்தையிலதான் இருக்குதுன்னேன். கூண்டுக்குள்ள நின்ன ஆளு உள்பட கோர்ட்டே சிரிச்சுது. ஜட்ஜம்மா மட்டும் சிரிக்கல. பொருத்தம் பாக்கறதுக்கெல்லாம் நகல் குடுக்க ஆரம்பிச்சா நாங்க வேற வேலை பாக்க முடியாதுங்க பெரியவரேன்னு சொல்லிக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க. அவங்களுக்கும் பொண்ணு இருக்கும்போலத் தெரியுது.

நகல் கைக்கு வந்த அன்னிக்குத் திருச்செங்கோட்டு பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து படிச்சேன். உங்க ஊருக்குப் பக்கத்து ரோட்டுல, அந்தப் பஞ்ச வருசத்துல, குடிதண்ணி கேட்டுக் காலிக்குடத்தோட மறியல் பண்ணியிருக்காங்க. அவ்வளவு பெரிய ஏரிய வெச்சுக்கிட்டுக் குடிக்கத் தண்ணியில்லாத வருசம் அது, உங்களுக்குத் தெரியும். எல்லாத்தையும் வேன்ல ஏத்திக் கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்துல அடைச்சு வெச்சு, சாயங்காலம் விட்டிருக்காங்க. நாலாவது எதிரி சபரிநாதன், மண்டபத்துல பணியிலிருந்த காவலர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார்னு எழுதியிருக்குது. என்ன சாவி, எதுக்குப் புடுங்கினாருன்னு ஒரு எழவும் இல்ல. அப்படியே கீழ எறங்கிப் படிச்சுக்கிட்டே வந்தவன், ஒரு பேரைப் பாத்ததும் பஸ்ஸுன்னும் பாக்காம எந்திரிச்சு நின்னுட்டேன். மாரக்காள், கணவர் பெயர் குணசீலன். ஊருல உங்க பூட்டிக் கெடக்கற ஊட்டு விலாசம்.

மச்சான், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எனக்கு அப்போ வந்த சந்தோசம் எம்புள்ளை பொறந்தப்போ கூட வந்ததில்ல. சொந்தப் பொண்டாட்டி கைதானதை மறைச்சுப்போட்டு, அடுத்தவன் ஊட்டுப் பையனுக்குக் கைது, கேசுன்னு நாயம் பேசின மனுசனை என்ன பண்ணலாம்னு சங்ககிரி வர்ற வரைக்கும் நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். உங்களுக்கு எழுத வேண்டிய காயிதத்துக்கு முதல் வரி கூட ரெடி பண்ணிப்போட்டேன். அது என்ன வரின்னு இப்போ சொல்ல மாட்டேன். வந்ததும் வராததுமா நேரா கொட்டகைக்குப் போனேன். வசந்தாமணி முட்டையை அட்டைல அடுக்கிக்கிட்டு இருந்தா. உங்கண்ணன் யோக்கியதையப் பாரு, உங்க அண்ணி மேல போலீஸ் கேசுன்னு அவ மூஞ்சிக்கு நேரா நகலை நீட்டுனேன். அவ வாங்கல. முட்டைய அடுக்கிக்கிட்டே இருந்தா. அந்த அட்டை நெறைஞ்ச பொறவுதான் நிமிந்தா.

"ஏனுங்க, அது அண்ணி இல்லீங்க. நாந்தான்."

அவ சொன்னதை அப்படியே எழுதறேன், கோவப்படாமப் படிங்க. அந்த வருசம் நான் ரிக் வண்டியோட ஒடிசால இருந்தேன். அவ உங்க ஊரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் போயிருக்கா. அந்த வளவுத் தெருப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போயிருக்காங்க, இவளும் ஒரு குடத்தைத் தூக்கியிருக்கா. பொறந்த ஊரு தண்ணியில்லாமத் தவிக்கறப்போ நான் நோம்பிச் சோறு தின்னுட்டு வாரதான்னு இப்பவும் கேக்கறா. மண்டபத்துல பேரெழுதுனப்போ இவளுக்குப் பயம் வந்திருச்சு. தனப்பிரியா அப்போ காலேஜு. கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணை வெச்சுக்கிட்டுப் பெத்தவ பேரு போலீஸ்ல ஏறுனா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்னு நெனச்சு, சட்டுன்னு அண்ணி பேரைக் குடுத்துப்போட்டா. ஏன்டி அக்கா பேருன்னு கேட்டேன். அண்ணிக்குப் பொண்ணு இல்லீங்களே, ரெண்டும் பசங்கதானுங்களேங்கிறா. நான் என்னத்தச் சொல்றது, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குப் போன் போட்டு மண்டபத்துல சாப்பிட்டேன், தக்காளி சோறு நல்லாருந்துச்சுன்னா. யாரு ஊட்டுக் கல்யாணம்னேன். தெரிஞ்சவங்கன்னா. இத்தனை வருசமா அந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுதாம வந்துட்டாளேன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேனுங்க.

இப்போ அந்தச் சாவி. காத்தாலயே கூட்டிக்கிட்டுப் போய் அடைச்சவங்க மண்டபத்துக் கக்கூசைப் பூட்டிப்போட்டாங்களாம், சாவிய ஒரு போலீஸ்காரரு கையில வெச்சிருந்தாராம். அவ்வளவு பொம்பளைங்க, அதுல மாசமா இருந்த புள்ளை ஒண்ணு. போய்க் கேக்க ஒருத்திக்கும் வாய் வரல. கடைசியா ஒருத்தி கேட்டதுக்கும் மேலதிகாரி வரட்டும்னு பதில். மத்தியானம் தாண்டிருச்சு. வசந்தாமணி உக்காந்த எடத்துலயே கண்ணுல தண்ணி விட்டுட்டாளாம், இதைச் சொல்றப்போ எம்மூஞ்சியப் பாக்காம சுவத்தைப் பாத்துச் சொன்னா. சபரிநாதன் மறியலுக்கு வந்தவரே இல்ல, பைக்குல போறப்போ வழியில நின்னவரை வேன்ல ஏத்திட்டாங்க. வேடிக்கை பாத்தவங்கெல்லாம் போலாம்னு விட்டப்போ அவரும் கெளம்பியிருக்காரு. வாசல் வரைக்கும் போனவரு இவ அழறதைப் பாத்துத் திரும்பி வந்திருக்காரு. என்னங்கம்மான்னு கேட்டிருக்காரு. பக்கத்துல இருந்த கெழவி சொல்லியிருக்கா. நேராப் போய் அந்தப் போலீஸ்காரரு கையில இருந்த சாவியப் புடுங்கித் தொறந்து விட்டுப்போட்டு, கதவுக்கு வெளியில திரும்பி நின்னுக்கிட்டாராம், கடைசிப் பொம்பளை வர்ற வரைக்கும். அதுக்குத்தான் அந்த வரி. பேரெழுத வந்தப்போ இவ பக்கத்துல அவர் நின்னுக்கிட்டு இருந்தாரு. பேரை மாத்திக் குடுத்துப்போட்டேன் சாமி, என்ன ஆகுமோன்னு அவர்கிட்டத்தான் இவ சொல்லியிருக்கா. இருக்கட்டும்ங்கம்மா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னாராம். தரகரைப் புடிச்சு அந்தப் பையன் எந்த ஊரு, எந்தக் குலம்னு தேடச் சொன்னவளே உங்க தங்கச்சிதானுங்க.

அதைக் கேட்டுட்டு நான் கொட்டகைலயே உக்காந்துட்டேன். பட்டறைல அந்த டீக்கிளாஸைத் திருப்பிக்கிட்டு இருந்தாரே, அது என்ற கண்ணுலயே நிக்குது. உங்க சம்சாரத்தைக் கேளுங்க மாமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கல்யாணமே நின்னாலும் சரின்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காரு. நான் அவரைக் கள்ளன்னு நெனச்சு டீயக் கூடக் குடிக்காம வந்துட்டேன். கம்ப்யூட்டர்ல அவரைப் பத்தி இருக்கறது ஒரே வரி. அதுல பொய் ஒண்ணும் இல்ல, சாவியப் புடுங்கினது நெசந்தான். நெசத்தை எழுதியே ஒருத்தனைக் கெட்டவனாக்க முடியும்னு எனக்கு இத்தனை வயசுல இப்பத்தானுங்க தெரியுது. நாளைக்கு எவனாச்சும் என்ற பேரைப் போட்டுப் பாத்து, சின்னுசாமி, பிரதிவாதின்னு மட்டும் படிச்சுப்போட்டுப் போனா எனக்கு எப்படி இருக்கும். பாலூத்தற அம்மாளை இப்பெல்லாம் நேராப் பாக்கவே சங்கட்டமா இருக்குது. அவங்க சொல்லாத ஒண்ணு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஆகவே மச்சான் அவர்கள் பெரிய மனது பண்ணி, சென்றாயன் சொன்னதை விட்டுவிட்டு, தங்கை சொன்னதை நம்பி, வெற்றிலை மாற்ற ஒரு நல்ல நாள் சொல்ல வேண்டுகிறேன். இதில் கோர்ட்டு, போலீஸ் என்று இனி ஒன்றும் பாக்கி இல்லை. ஞானதாஸ் எல்லாரும் விடுதலை என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு இது தெரிய வேண்டியதில்லை. அந்தப் பேர் கோர்ட்டில் ஒரு மூலையில் தூங்கிவிட்டுப் போகட்டும். பேரன்களுக்கு எங்கள் ஆசிகள். அக்காவுக்கு வசந்தாமணியின் சிறப்பான விசாரிப்பு, அதில் இந்தத் தடவை வழக்கத்தை விடக் கொஞ்சம் எச்சாகவே பாசம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
சின்னுசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டின பொறவு ஞானதாஸ் போன் பண்ணுனாரு, பிரிச்சு எழுதறேன். எல்லாரும் விடுதலைன்னு சொன்னாரே, ஒருத்தரைத் தவிரயாம். மாரக்காளுக்குப் போன சம்மன் எல்லாம் உங்க பூட்டின ஊட்டுக் கதவைப் பாத்துத் திரும்பி வந்திருச்சு. அவங்க தலைமறைவுன்னு சொல்லி அவங்க கேசை மட்டும் தனியாப் பிரிச்சு, பிடிவாரண்டு போட்டு வெச்சிருக்காங்க. அது இன்னிக்கும் உசுரோட இருக்குது. ஆக மச்சான், ரெண்டு குடும்பத்துலயும் போலீஸ் தேடற ஆளுன்னா அது அக்கா ஒருத்தங்கதான். பதறாதீங்க. உங்க தங்கச்சி வர்ற திங்கக்கிழமை அந்த ஜட்ஜம்மா முன்னாடியே போய் நின்னு, நாந்தானுங்கம்மான்னு சொல்லப் போறா. பொய்ப் பேரு குடுத்ததுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்குவாங்க, அப்புறம் பேரை மாத்திருவாங்கன்னு ஞானதாஸ் ராகத்தோட சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. வாய்தாவுக்கு வாய்தா மாரக்காள், மாரக்காள்னு டவாலி கூப்பிடுவாராம், ஒருத்தரும் வர மாட்டாங்களாம். இந்த அம்மாவை யாருக்காவது தெரியுமான்னு எதிரிங்க எல்லாரையும் கோர்ட்டு கேக்கும்போதெல்லாம் சபரிநாதன் தெரியாதுங்கன்னே சொல்லியிருக்காரு. திங்கக்கிழமை அவரும் கூட வாரேன்னுட்டாரு. போலீஸ் படி ஏறின ஊட்டுல பொண்ணு குடுக்கறதில்லைன்னீங்க. வாரண்டு இருக்கற ஊட்டுலதான் பொண்ணு எடுக்கறோம்னு தெரிஞ்சே அந்தப் பையன் எடுக்க வந்திருக்கான். நீங்க வந்து நிக்கறது மட்டுந்தான் பாக்கி. கார்ல வர்றதா இருந்தா ஈரோட்டு வழியாவே வந்துருங்க, சேலம் பக்கம் அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போக வேண்டாம். அக்கா வேற ஆளுன்னு ஞானதாஸ் கோர்ட்டுல காட்டோணுமாம், ஆதார் கார்டை மறக்காம எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க.